அலுவலகக் கம்ப்யூட்டர் திருட்டு: கேமராவோடு நிறுத்திவிடாதீர்கள்

"கேமரா போட்டிருக்கோம் சார்." சின்ன அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர், நெட்வொர்க் பராமரிப்பு செய்கிறவன் நான். புதிதாக ஒரு இடத்தை எடுக்கும்போது பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால் பெரும்பாலும் இதுதான் பதில். கேமரா வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாஸ்க்கும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்தவன் நாலு நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனால், மறுநாள் காலையில் உங்கள் கையில் இருப்பது ஒரு வீடியோ மட்டும்தான். பல இடங்களில் அதுவும் மிஞ்சாது, ஏனென்றால் கேமராக் காட்சியைப் பதிவு செய்கிற டிவிஆர் பெட்டியை ரிசப்ஷன் மேஜைக்குக் கீழேயே வைத்திருப்பார்கள், போகிறவன் அதையும் வயரோடு பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். கேமராவுக்குச் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கை, பொருளை இருக்கும் இடத்தோடு சேர்த்துக் கட்டிவைப்பதற்குச் செலவழியுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் மன்றாடிக் கேட்பது.

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஜூலை மாதம், ரிட்டர்ன் தாக்கல் நெருக்கடி. காலையில் வந்து சுவிட்சைப் போட்டால் வரிசையாக நாலைந்து மெஷினில் ஃபேன் சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. கரண்ட் ஏற்ற இறக்கத்தில் ஏதோ போய்விட்டது என்று நினைத்து என்னைக் கூப்பிட்டார்கள். முதல் கேபினட்டைத் திருப்பிப் பார்த்தேன். பக்கத் தகட்டை இரண்டு ஸ்க்ரூ பிடித்திருக்க வேண்டும், ஒன்றுதான் இருந்தது, அதுவும் பாதி முடுக்கிய நிலையில். திறந்தால் மெஷின் ஓடத் தேவையான மெமரியான ராமும் இல்லை, கோப்புகளைச் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டி டிஸ்க்கும் இல்லை. மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன, கதவில் ஒரு கீறல்கூட இல்லை. இப்போது வருகிற எம்.2 எஸ்எஸ்டி சூயிங்கம் பட்டை அளவுதான், பிடித்திருப்பது ஒரே ஒரு ஸ்க்ரூ. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டே வெளியே போகலாம். அதிலும் 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறிக்கிடப்பதால், முழுப் பெட்டியைத் தூக்குவதைவிட உள்ளே இருப்பதைக் கழற்றுவது லாபம் என்று திருடுகிறவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

சின்ன அலுவலகம் என்பதால் இப்படி ஆயிற்று என்று நினைக்க வேண்டாம். 2019-இல் கொச்சி கப்பல் கட்டும் தளத்தில், பிறகு ஐஎன்எஸ் விக்ராந்த் என்று கடற்படையில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது, அதற்குள் இருந்த கம்ப்யூட்டர்களிலிருந்து ப்ராசஸர், ராம், எஸ்எஸ்டி எல்லாம் காணாமல் போயின. உளவு வேலையாக இருக்குமோ என்று நாடே பதறியது, வழக்கு தேசியப் புலனாய்வு அமைப்பான என்ஐஏவிடம் போனது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் கைரேகைகளை ஒப்பிட்டு 2020 ஜூனில் இரண்டு பேரைப் பிடித்தார்கள். இருவரும் பெயிண்ட் அடிக்க ஒப்பந்தத்தில் வந்தவர்கள், பணத்துக்காக எடுத்ததாகத்தான் என்ஐஏ சொன்னது. அத்தனை காவல் உள்ள இடத்தில், முறையாக அனுமதி பெற்று உள்ளே வந்தவர்கள் கையால் நடந்தது இது. நம் அலுவலகத்துக்கு ஏசி சர்வீஸ், ஹவுஸ்கீப்பிங், தண்ணீர் கேன், கூரியர் என்று ஒரு நாளில் எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் எல்லோரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை, அது அநியாயம். பொருள் கட்டப்பட்டிருந்தால் யாரையும் சந்தேகப்பட வேண்டிய நிலையே பெரும்பாலும் வராது, ஒரு திருட்டு நடந்தால் முதலில் விசாரணைக்கு இழுக்கப்படுவது அந்த ஹவுஸ்கீப்பிங் அம்மாதான் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? டெஸ்க்டாப் கேபினட்டின் பின்புறம் பாருங்கள், பல மாடல்களில் ஒரு சின்ன வளையம் நீட்டிக்கொண்டிருக்கும். அது பூட்டு மாட்டுவதற்கென்றே வைத்தது. சின்னப் பூட்டு ஒன்றை மாட்டினாலே பக்கத் தகட்டைக் கழற்ற முடியாது. அந்த வளையத்தின் வழியாக ஒரு ஸ்டீல் கேபிளையும் விட்டு மேஜையோடு கட்டிவிட்டால் பெட்டியும் நகராது. ஆனால் மேஜைக் காலைச் சுற்றிக் கட்டாதீர்கள், மேஜையைக் கொஞ்சம் தூக்கினால் கேபிள் கழன்றுவிடும். குறுக்குச் சட்டத்திலோ, சுவரில் அடித்த கொக்கியிலோ கட்டுங்கள். வளையம் இல்லாத கேபினட் என்றால் பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் இரும்பில் ஒரு கூண்டு செய்து மேஜைக்கு அடியில் போல்ட் போட்டுவிடலாம், காற்று போக இடம் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் திருடனுக்கு முன்னால் வெயில் காலம் மெஷினைக் கொண்டுபோய்விடும்.

லேப்டாப்பைக் கேபிளால் மேஜையோடு கட்டுகிற பூட்டைக் கென்சிங்டன் பூட்டு என்று கடையில் கேட்டால் தருவார்கள். வாங்கும் முன் உங்கள் லேப்டாப்பின் விளிம்பில் அதற்கான துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கமான துளை 7 மில்லிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் அகலம். மெல்லிய மாடல்களில் அதைவிடச் சின்னத் துளை வருகிறது, அதற்குத் தனிப் பூட்டு. மேக்புக் ஏரில் துளையே கிடையாது. பெரிய கட்டர் கொண்டுவந்தால் இந்தக் கேபிளை வெட்டிவிடலாம்தான், ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் விசிட்டர் மாதிரி நுழைந்து லேப்டாப்பைப் பைக்குள் தள்ளிக்கொண்டு போகிறவன் கட்டரோடு வருவதில்லை, அவனை நிறுத்த இது போதும். இரவில் லேப்டாப் மேஜையில் இருக்கவே கூடாது, ஸ்டீல் பீரோவுக்குள் போக வேண்டும், பீரோ சுவரோடு போல்ட் போட்டிருக்க வேண்டும்.

கதவு விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விரல் வைத்தால் திறக்கிற கண்ணாடிக் கதவு இப்போது எல்லா அலுவலகத்திலும் வந்துவிட்டது. மேலே இருக்கிற காந்தப் பூட்டு கரண்ட் இருக்கும் வரைதான் பிடித்துக்கொண்டிருக்கும். தீ விபத்தில் ஆட்கள் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே, கரண்ட் போனால் திறந்துகொள்ளும்படிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. கரண்ட் போகும்போது கொஞ்ச நேரம் ஒரு 12 வோல்ட் பேட்டரி அதைத் தாங்கும், இரண்டு மூன்று வருஷத்தில் அது தீர்ந்துபோயிருக்கும், யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். ராத்திரி கரண்ட் போனால் தள்ளினாலே கதவு திறக்கும். உங்கள் அலுவலகத்தில் இன்று சாயங்காலமே மெயினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தள்ளிப் பாருங்கள். இரவில் கீழே இருக்கிற சாவிப் பூட்டையும் போட்டு, வெளியே ஷட்டரையும் இறக்கியாக வேண்டும்.

மாடிப்படித் திருப்பத்தில் வைத்திருக்கிற யுபிஎஸ் பேட்டரிகளை மறந்துவிடாதீர்கள், உள்ளே இருக்கிற ஈயத்துக்காகவே அவை போகும். கம்பிக் கூண்டு போட்டுப் பூட்டுங்கள். டிவிஆர், ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றும் சுவரில் உயரமாக மாட்டிய பூட்டுள்ள ரேக்குக்குள் போகட்டும், சாவியை அந்த ரேக்கிலேயே தொங்கவிட வேண்டாம். பேக்கப் ஹார்ட் டிஸ்க் அதே கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் கிடந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் போகும், ஆகவே ஒரு பிரதி வேறு கட்டடத்திலோ கிளவுடிலோ இருக்க வேண்டும்.

இனி, பெட்டியைவிட எனக்குக் கவலை தருகிற விஷயம். விண்டோஸ் பாஸ்வேர்டு இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால், என்கிரிப்ட் செய்யாத, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைக்காத டிஸ்க்கில் அத்தனை கோப்பும் பாஸ்வேர்டு கேட்காமல் திறக்கும். ஆடிட்டர் அலுவலகம் என்றால் நூற்றுக்கணக்கானவர்களின் பான், ஆதார், வங்கிக் கணக்கு விவரம். கிளினிக் என்றால் நோயாளிகளின் ரிப்போர்ட். 2006-இல் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறை ஊழியர் ஒருவரின் வீட்டிலிருந்து ஒரு லேப்டாப்பும் ஹார்ட் டிஸ்க்கும் திருடு போயின. அதில் 2 கோடியே 65 லட்சம் பேரின் விவரங்கள் என்கிரிப்ட் செய்யப்படாமல் இருந்தன. பொருள் சில வாரங்களில் திரும்பக் கிடைத்தும், வழக்கை முடிக்க அரசு 2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. நம் ஊரிலும் 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட இடம் வைத்திருக்கிறது. விண்டோஸ் ப்ரோ பதிப்பில் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்கிற பிட்லாக்கர் கூடவே வருகிறது, ஹோம் பதிப்பில் பல மெஷின்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் இருக்கும், தனியாகக் காசு கிடையாது. ஆன் செய்யும்போது வருகிற 48 இலக்க ரெகவரி கீயை அச்செடுத்து வேறு இடத்தில் வையுங்கள், அது தொலைந்தால் நீங்களே உங்கள் டிஸ்க்கைத் திறக்க முடியாமல் போகலாம்.

அப்புறம் டிஎஸ்சி டோக்கன், டிஜிட்டல் கையெழுத்துப் போடுவதற்கான யுஎஸ்பி. கிளையன்ட்டின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஸ்டிக்கரில் எழுதி அதன் மேலேயே ஒட்டி, பூட்டாத டிராயரில் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பதை எத்தனையோ இடத்தில் பார்க்கிறேன். அது இன்னொருவருடைய கையெழுத்து. தயவுசெய்து பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், பாஸ்வேர்டு வேறு இடத்தில் இருக்கட்டும்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்பவர்கள் பாலிசியை எடுத்து ஒரு தடவை படியுங்கள். சாதாரண பர்கிளரி பாலிசி, உடைத்தோ பலவந்தமாகவோ நுழைந்து திருடினால்தான் பணம் தரும். அப்படிப் பாலிசியில் எழுதியிருந்தால் அதுதான் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றமே 2004-இல் யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. நான் சொன்ன ஆடிட்டர் அலுவலகத்தில் கதவு உடையவில்லை, அதனால் ஒரு ரூபாய்கூட வரவில்லை. உடைக்காமல் நடக்கிற திருட்டுக்கும் கவர் உண்டா என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒவ்வொரு மெஷினின் சீரியல் நம்பரையும் இந்த வாரமே ஒரு பட்டியலாக எழுதி, பில்லோடு சேர்த்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். போனுக்கு ஐஎம்இஐ என்ற தனி அடையாள எண் இருப்பதால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்கலாம், லேப்டாப்புக்கு அப்படி ஒரு வழி இல்லை, அந்த சீரியல் நம்பர்தான் உங்களுடையது என்பதற்கு ஆதாரம். திருட்டு நடந்துவிட்டால் எதையும் தொடாதீர்கள், கூட்டிப் பெருக்க விடாதீர்கள், கைரேகை எடுக்க ஆள் வரும் வரை கதவைச் சாத்தி வையுங்கள். புகார் கொடுத்ததும் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள், இன்ஷூரன்ஸுக்கு அது போதாது, எஃப்ஐஆர் நகல் வேண்டும், இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். ஸ்டேஷனுக்குப் போகிற வழியிலேயே அலுவலக மெயில், பேங்க், டேலி பாஸ்வேர்டுகளை மாற்றச் சொல்லிவிடுங்கள், டோக்கன் போயிருந்தால் அந்தந்த கிளையன்ட்டுக்குப் போன் செய்து, சான்றிதழ் கொடுத்த நிறுவனத்திடம் அன்றைக்கே ரத்து செய்யச் சொல்லுங்கள்.