பி.டி. பீரியடில் ஓரமாக நின்றவர்களுக்கு

"எனக்குச் சின்ன வயதிலிருந்தே விளையாட்டு வராது, டாக்டர்." குதிகால் வலியோடு வந்த 43 வயதுப் பெண், உட்காரும் முன்பே சொன்னது இது. வேளச்சேரியில் பிசியோதெரபி செய்யும் எனக்கு இது அடிக்கடி காதில் விழும் வாக்கியம். கோ-கோவுக்கு ஆள் பிரிக்கும்போது கடைசிவரை யாரும் கூப்பிடாமல் நின்றவர்கள், பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்டால் நிம்மதி அடைந்தவர்கள். பன்னிரண்டு வயதில் யார் வேகமாக ஓடினார்கள் என்பதை வைத்து எழுதிய தீர்ப்பை முப்பது வருடமாகச் சுமக்கிறார்கள். எனக்கு அதில் கோபமே வரும்.

தசைக்கு அந்தத் தீர்ப்பு தெரியாது. 1990-இல் அமெரிக்காவில் முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. நாற்பது வயதில் தயங்க என்ன இருக்கிறது?

ஆனால் அவசரம் கூடாது. அந்தப் பெண் புது ஷூ வாங்கி, பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் முதல் வாரமே தினமும் ஓடியிருக்கிறார். மூன்றாவது வாரம், காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றியதும் குதிகாலில் ஊசி குத்தியது. மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும், உள்ளங்காலைத் தாங்கும் தடித்த சவ்வும் பழக மாதங்கள் ஆகும். மூச்சு வாங்குவது குறைந்ததும் வேகத்தைக் கூட்டுகிறோம். வலி வருவது பெரும்பாலும் அப்போதுதான்.

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னேன். இரண்டு முறை எழுந்தார். மூன்றாவது முறை கை தானாக இறங்கி முழங்காலைப் பிடித்தது. அங்கிருந்தே தொடங்கினோம்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்துக் குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்குவது, வலி அடங்க அடங்கக் கால் மணி நேர நடை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, இரண்டு நாள் தசைப் பயிற்சியும் சொல்கிறது. நம் ஊரில் நடைப்பயிற்சிக்காரர்கள் பலரும் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். மே மாதத்தில் ஆறு மணிக்கே புழுக்கம். வியர்வை காயாததால் உடல் சூடு தணியாது, நேரத்தைக் குறையுங்கள். நெஞ்சு வலி, மயக்கம் வருபவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

நான்கு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தின் படிகளை நிற்காமல் ஏறியதைச் சொல்லிக்கொண்டே நாற்காலியிலிருந்து எழுந்தார். இரண்டு கைகளிலும் காய்கறிப் பை இருந்தது.