குட்டிநாய் சாப்பிட மறுத்தால்: பார்வோவை முதல் நாளிலேயே பிடிப்பது எப்படி?

நேற்றுவரை காலைச் சுற்றி வந்த மூன்று மாதக் குட்டி, இன்று கிண்ணத்தை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறது. புது வீடு பழகவில்லை என்று விட்டுவிடாதீர்கள். நாய்களின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் தொற்று பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். ரத்தப் பேதிக்காகக் காத்திருந்தால் ஓரிரு நாள் வீணாகிவிடும். அதற்குள் குட்டியின் உடலில் நீர் வற்றியிருக்கும்.

தொற்றியபின் அறிகுறி தெரிய வழக்கமாக 3 முதல் 7 நாள், சில குட்டிகளுக்கு 14 நாள்கூட ஆகும். அதனால் புதுக் குட்டியை முதல் இரண்டு வாரம் தினமும் கவனியுங்கள். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். ஆசனவாய் வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. சோர்ந்த குட்டிக்குக் காய்ச்சலைவிட உடல் சில்லிட்டுப்போவது அதிக ஆபத்து. தடுப்பூசி முடியாத குட்டி இரண்டாம் முறை வாந்தி எடுத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மலத்தில் செய்யும் விரைவுச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் 'இல்லை' என்று வந்தாலும் நிம்மதியாகிவிட முடியாது. தொடக்கத்தில் மலத்தில் வைரஸ் குறைவாக இருந்தால் சோதனை தவறவிடும். வைரஸ் எலும்பு மஜ்ஜையையும் தாக்குவதால், ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். மறுநாள் மீண்டும் சோதிக்கலாம், வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையும் செய்யலாம். மறுபுறம், அண்மையில் போட்ட, வலுவிழந்த உயிருள்ள வைரஸ் கொண்ட தடுப்பூசியே 'உண்டு' என்று காட்டிவிடுவதும் உண்டு. தடுப்பூசி அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள்.

"ரெண்டு ஊசி போட்டாச்சே, டாக்டர்" என்பார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் தடுப்பூசியைச் செயல்படவிடாமல் தடுக்கலாம். அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரமோ அதற்குப் பிறகோ கடைசி ஊசி போடுகிறோம். அதுவரை குட்டியை அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலும் புல்வெளியிலும் இறக்கிவிடாதீர்கள். வைரஸ் செருப்போடும் வீட்டுக்குள் வரும்.

மனிதர்களுக்கான பேதி மாத்திரை வேண்டாம். வாந்தி எடுக்கும் குட்டியின் வாயில் சிரிஞ்சால் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்; நுரையீரலுக்குள் போய்விடும்.

கிளம்புமுன் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், தனி வழியாக அழைத்துக்கொள்வார்கள். குட்டியைக் கூண்டிலேயே தூக்கிச் செல்லுங்கள். மின்தூக்கியிலும் காத்திருப்பு அறையிலும் தரையில் விடக்கூடாது. வீட்டில், மலத்தை முழுதும் அகற்றிக் கழுவியபின், 1 லிட்டர் தண்ணீரில் சுமார் 35 மில்லிலிட்டர் சாதாரண பிளீச் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஈரமாகவே விடுங்கள். ஆல்கஹால் கைச்சுத்திகரிப்பானை இதற்கு நம்பாதீர்கள்.