தற்செயல்

மயிலாப்பூர்க் குளக்கரையில் பழைய நண்பரைக் கண்டவர் 'யதேச்சையாகப் பார்த்தேன்' என்பார். யதா, இச்சை என்னும் இரு வடசொற்கள் சேர்ந்த யதேச்சைக்கு 'விருப்பம் போல' என்பதே நேர்ப்பொருள்; யதேச்சாதிகாரத்தில் அப்பொருள் இன்றும் நிற்கிறது. எவர் விருப்பமுமின்றி நேர்வதைக் குறிக்கும் வடசொல் யதிருச்சை. ஒலி நெருக்கத்தால் இரண்டும் பேச்சில் கலந்துவிட்டன போலும். உலகுக்குக் காரணம் காலமா, இயல்பா, நியதியா, யதிருச்சையா என்று சுவேதாசுவதர உபநிடதம் ஆராயுமிடத்தில் வருவது இந்தச் சொல்லே.

இதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் தற்செயல். பொன்னும் குடமும் பொற்குடமாவது போலத் தன்னும் செயலும் புணர்ந்தது. தானாக நிகழ்வது என்று பொருள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் பழம் விழக் காம்பு முற்றியது காரணம். காக்கை வந்ததற்கும் ஏதோ காரணம் உண்டு. இரண்டும் ஒரே நொடியில் கூடியதற்குத்தான் தனிக் காரணம் இல்லை. ஆகவே இச்சொல் நோக்கமின்மையைக் குறிக்கிறதே தவிர, இயற்கை விதி இல்லாமையை அன்று.

'ஒழுங்கும் உயிரும் தற்செயலாகத் தோன்றுமா' என்ற வழக்கில் பெரும்பாலும் மறக்கப்படுவது இதுதான். மெரினாவில் மொண்ட கடல்நீரை மொட்டைமாடியில் ஒரு தட்டில் காயவைத்தால், உப்பு சின்னஞ்சிறு கனசதுரங்களாகப் படியும். அங்கே நோக்கமும் இல்லை, குருட்டுக் குலுக்கலும் இல்லை.

குலுக்கலையே எடுத்துக்கொள்வோம். 247 எழுத்துச் சீட்டுகளிலிருந்து, எடுத்ததைத் திரும்பப் போட்டு, மூன்று முறை எடுத்தால் 'தமிழ்' என்று அமைய 1,50,69,223-இல் ஒரு வாய்ப்பு. சரியாக வந்த எழுத்தை நிறுத்திக்கொண்டு மற்ற இடங்களுக்கு மட்டும் மீண்டும் எடுக்கலாம் என்றால், சராசரியாக ஐந்நூறுக்கும் குறைவான சுற்றுகள் போதும். உயிரியலில் சடுதிமாற்றம், அதாவது மரபணுவில் திடீரென நேரும் மாற்றம், அந்தக் குலுக்கல். இயற்கைத் தேர்வு, அதாவது சூழலுக்கு ஏற்றவை நிலைத்துப் பெருகுவது, அந்த நிறுத்தம். (வேண்டிய சொல்லை முன்பே எழுதிவைத்தவர் இயற்கையில் இல்லை என்பதால் உவமை அவ்வளவில் நொண்டும்.) ஆனால் தேர்வு தொடங்கவே தன்னைப் படியெடுக்கும் ஒரு மூலக்கூறு வேண்டும். 1953-இல் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி மில்லர் வெளியிட்ட ஆய்வில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றினூடே மின்பொறி பாய்ச்சியபோது அமினோ அமிலங்கள் உண்டாயின; அவை செங்கற்கள், வீடு அல்ல. அந்த முதல் மூலக்கூறு எப்படி அமைந்தது என்பது இன்னும் தீராத வினா.

புள்ளியியலில் வழங்கும் 'சமவாய்ப்பு' (random) என்ற சொல்லைச் சிலர் சடுதிமாற்றத்துக்கும் ஆள்கிறார்கள். மரபணுவின் எல்லா இடங்களும் சம அளவில் மாறுவதில்லை. உயிரியின் தேவையை நோக்கி அவை மாறுவதில்லை என்பதே கருத்து. அவ்விடத்தில் தற்செயல் என்றே எழுதலாம்.