நுனியில் இருக்கும் ஒரு சாண்: பழைய ஜெர்மன் அறைத் துப்பாக்கிகள் வேலை செய்யும் விதம்

கட்டடத்துக்குள் குறிசுடுவதற்காகச் செய்த சிம்மர்ஸ்டுட்சன் என்ற பழைய ஜெர்மன் அறைத் துப்பாக்கியை முதன்முதலில் பார்ப்பவர் அதை ஏதோ பெரிய போட்டித் துப்பாக்கி என்றுதான் நினைப்பார். கனத்த எண்கோணக் குழல், கன்னம் பதியும்படி குடைந்த வால்நட் கட்டை, தோளைச் சுற்றி வளையும் எஃகு அடிப்பட்டை, கண்ணை வைத்துப் பார்க்கச் சிறு துளையுள்ள குறிமானி. தூக்கினால் நாலைந்து கிலோ இருக்கும். ஆனால் அந்த நீளக் குழலின் பெரும்பகுதியில் குண்டு பயணம் செய்வதே இல்லை. உண்மையில் சுடுகிற குழல் நுனியில் இருக்கிறது, ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு. மீதி எல்லாம் அதைத் தாங்கும் உறை. இது புரியாமல் இந்தத் துப்பாக்கியை ரசிக்கவும் முடியாது, பழுது பார்க்கவும் முடியாது.

பவேரியாவிலும் அதை ஒட்டிய ஆஸ்திரியப் பகுதிகளிலும் ஊருக்கு ஊர் குறிசுடும் சங்கங்கள் உண்டு. அவற்றில் சில பல நூற்றாண்டுப் பழமை உடையவை. 1861-ல் கோத்தா நகரில் ஜெர்மன் குறிசுடுவோர் கூட்டமைப்பு உருவானபோது இந்தச் சங்கங்கள் ஒரே குடையின்கீழ் வந்தன. கோடையில் திறந்தவெளியில் நூறு மீட்டருக்கும் அப்பால் வைத்த பலகையில் சுடுவார்கள். பனிக்காலத்தில் என்ன செய்வது? விடுதியின் கூடத்திலோ சங்கக் கட்டடத்திலோ 15 மீட்டர் இடம் கிடைக்கும். அங்கே சுட வேண்டுமென்றால் சத்தம், புகை, வேகம் எல்லாம் குறைய வேண்டும். ஆனால் கைக்கும் தோளுக்கும் கண்ணுக்கும் கோடைத் துப்பாக்கியின் பழக்கம் விட்டுப்போகக் கூடாது. எடை, நீளம், பிடி, குறிமானி எல்லாம் அப்படியே இருக்க, நெருப்பு மட்டும் சுருங்க வேண்டும். அந்தத் தேவைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் துப்பாக்கிக் கம்மியர்கள் கண்டுபிடித்த விடைதான் இது.

வழியைத் திறந்தவர் பாரிஸைச் சேர்ந்த லூயி நிக்கொலா ஃப்ளோபேர். 1845 வாக்கில் அவர் வெடிக்கும் கேப்பின் வாயிலேயே ஒரு ஈயக் குண்டைப் பொருத்தினார். தனியாக வெடிமருந்து கிடையாது. கேப்பில் இருக்கும் மருந்து ஒன்றே குண்டைத் தள்ளும். அவருடைய குண்டு 6 மி.மீ. ஜெர்மன் கம்மியர்கள் அதையும் குறைத்து 4 மி.மீ. அளவுக்குக் கொண்டு வந்தார்கள். தீபாவளிக்குக் குழந்தைகள் வெடிக்கும் கேப் நமக்குத் தெரியும். ரசாயன வழியில் இரண்டும் உறவுக்காரர்கள்தான்: இரண்டிலும் பொட்டாசியம் குளோரேட் உண்டு. தீபாவளிக் கேப்பில் அதனுடன் சிவப்பு பாஸ்பரஸ் சேரும், பழைய துப்பாக்கிக் கேப்பில் பாதரச ஃபல்மினேட் சேரும்.

இப்போது கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4.3 மி.மீ. விட்டமுள்ள ஈய உருண்டையின் எடை சுமார் 0.47 கிராம். அது வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் கிளம்புவதாக வைத்துக்கொண்டால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 5 ஜூல்தான். இவ்வளவு கொஞ்சம் வாயுவை முக்கால் மீட்டர் நீளக் குழலுக்குள் விட்டால் என்ன ஆகும்? 4 மி.மீ. துளையுள்ள 75 செ.மீ. குழலின் கொள்ளளவு 9.4 கன சென்டிமீட்டர். 20 செ.மீ. குழலுக்கு அது 2.5 மட்டுமே. வாயு விரிய விரிய அழுத்தம் இறங்கும். ஒரு கட்டத்தில் பின்னாலிருந்து தள்ளும் விசை குழல் சுவரின் உராய்வைவிடக் குறைந்துவிடும். அதற்கப்புறம் குழலின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் குண்டைத் தாமதப்படுத்தத்தான் செய்யும். நடுவழியில் நின்றே போனாலும் ஆச்சரியமில்லை. ஆகவே குட்டைக் குழல் என்பது சிக்கனம் இல்லை, இயற்பியல் கட்டாயம்.

அதில் இன்னொரு லாபமும் உண்டு. குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் முழுவதும் சுடுபவரின் கை ஆடிக்கொண்டுதான் இருக்கும். 20 செ.மீ. குழலை அது 3 மில்லிவினாடிக்குள் தாண்டிவிடும்.

சரி, குட்டைக் குழலைப் பின்னால் வைத்து, முன்னால் வெறும் உறையை நீட்டியிருக்கலாமே? அப்படிச் செய்தால் குட்டைக் குழலை விட்டு வெளியே வந்த குண்டு அகன்ற உறைக்குள் வாயுச் சுழலின் நடுவே அரை மீட்டர் போக வேண்டியிருக்கும். பின்னாலிருந்து வரும் வாயு அதை முந்திக்கொண்டு போய்த் திசையைக் கெடுக்கும். நுனியில் வைத்தால் குண்டு வெளியேறியதும் திறந்த காற்றுதான். முன்குறியும் துளையும் பக்கத்திலேயே அமைவதால் இரண்டையும் ஒரே நேர்கோட்டில் வைப்பதும் சுலபம்.

ஆனால் இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். தட்டி வெடிக்க வைக்கும் சுத்தி பின்னால், கேப் முன்னால். இரண்டுக்கும் நடுவில் அரை மீட்டர். அதனால் உறைக்குள் ஒரு நீண்ட எஃகுக் கம்பி ஓடுகிறது. சுத்தி அதன் பின்முனையைத் தட்ட, முன்முனை கேப்பின் விளிம்பைக் குத்தும். குண்டைப் போடும் வாயும் குழலின் நுனிப் பக்கத்தில், மேலேயோ பக்கவாட்டிலோ ஒரு சிறு ஜன்னலாக இருக்கும். ஒரு சின்ன நெம்பைத் திருப்பினால் அது திறக்கும். இந்த ஜன்னலும் பூட்டும் பட்டறைக்குப் பட்டறை மாறும். ஒரு கம்மியர் செய்த உறுப்பு இன்னொருவர் செய்த துப்பாக்கிக்குச் சேராது. சேகரிப்பவர்களுக்கு அதுதான் இன்பம், பழுது பார்ப்பவர்களுக்கு அதுவே தலைவலி.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். துப்பாக்கி காலியா என்று பார்க்க எல்லாரும் பின்பக்கத்தைத்தான் திறப்பார்கள். சிம்மர்ஸ்டுட்சனில் அங்கே எதுவும் தெரியாது. நுனி ஜன்னலைத் திறந்து, துளையைக் கண்ணால் பார்த்தால்தான் உறுதி. ஜன்னல் நுனியில் இருப்பதால் விரல்கள் குழலின் வாய்க்கு வெகு அருகில் போகும் என்பதையும் மறக்கக் கூடாது. 5 ஜூல் என்று அலட்சியம் வேண்டாம். ஒரு கண்ணைப் பறிக்க அது தாராளமாகப் போதும்.

இந்தத் துப்பாக்கியில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இரட்டை விசை, அதாவது விரலால் இழுக்கும் இரண்டு டிரிக்கர்கள். நீளக் கம்பியை உந்த வேண்டுமென்றால் சுத்திக்கு வலுவான ஸ்பிரிங் தேவை. வலுவான ஸ்பிரிங் என்றால் அதைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கியும் ஆழமாகப் பதிய வேண்டும். அந்தக் கொக்கியை விரலால் நேரடியாக இழுத்தால் ஒரு கிலோவுக்கும் மேல் அழுத்தம் தேவைப்படும், குறி கலைந்துவிடும். ஜெர்மன் கம்மியர்கள் இந்த வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். முதலில் பின் விசையை இழுக்க வேண்டும். அது தனக்கென உள்ள ஒரு பட்டை ஸ்பிரிங்கை அழுத்தி, க்ளிக் என்ற சத்தத்துடன் முன் விசையின் சிறு கொக்கியில் மாட்டி நிற்கும். அப்புறம் முன் விசையைத் தொட்டாலே போதும், சில பத்து கிராம் அழுத்தம்தான். பின் விசையின் உள்முனை விடுபட்டு மேலே பாய்ந்து, சுத்தியின் கொக்கியை ஓங்கித் தட்டி விலக்கும். அதாவது, கடினமான வேலையைச் செய்வது முன்கூட்டியே சேமித்து வைத்த ஸ்பிரிங்கின் ஆற்றல். விரல் செய்வது அனுமதி கொடுப்பது மட்டும். இரண்டு விசைகளுக்கும் நடுவில் ஒரு குட்டித் திருகு இருக்கும். சிறு கொக்கி எவ்வளவு ஆழம் மாட்டுகிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

அந்தத் திருகை அளவுக்கு மீறி உள்ளே திருகினால் விசை நிற்கவே நிற்காது; மேசையில் தட்டினால்கூட விடுபட்டுவிடும். பழைய துப்பாக்கிகளில் தேய்ந்து வட்டமாகிப்போன கொக்கி முனைகளை அடிக்கடி பார்க்கலாம். அதை அரத்தால் ராவுவது பெரும் தவறு. மேற்பரப்பில் மட்டுமே கடினப்படுத்திய உறுப்பு என்றால், ராவியதும் உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு வெளியே வந்துவிடும். சில நூறு முறை இழுத்தால் மறுபடியும் தேய்ந்து நிற்கும். எண்ணெய்க் கல்லில் கோணம் மாறாமல் மெல்லத் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது.

உடைந்த பட்டை ஸ்பிரிங்கை மட்டும் புதிதாகச் செய்தே தீர வேண்டும். கார்பன் எஃகுப் பட்டையை வடிவாக்கி, செக்கச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கினால் அது கடினமாகும். ஆனால் கண்ணாடியைவிட மோசமாக உடையும். அதை மெருகேற்றித் திரும்பவும் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் பரப்பில் நீல நிறம் படரும். அந்த நீலம் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தின் நிறம். வெப்பநிலையைக் காட்டும் அளவுகோலாக அதையே கம்மியர்கள் காலங்காலமாக நம்பி வந்திருக்கிறார்கள். நீலம் பரவியதும் நிறுத்தினால் வளைந்து நிமிரும் ஸ்பிரிங் கிடைக்கும்.

பழைய அறைத் துப்பாக்கிகளின் துளை பெரும்பாலும் துருப்பிடித்துக் கிடப்பதற்கும் காரணம் ரசாயனம்தான். குளோரேட் எரிந்தால் பொட்டாசியம் குளோரைடு மிஞ்சும். அது உப்பு, காற்றின் ஈரத்தை இழுக்கும். சுட்டு முடித்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தவர்கள் கவனமாக இருந்ததாகத்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் உப்பு எண்ணெயில் கரையாது. முதலில் வெந்நீர், அதன்பின் நன்றாக உலர்த்தல், கடைசியில்தான் எண்ணெய். 1920களின் இறுதியில் ஆர்.டபிள்யூ.எஸ். என்ற ஜெர்மன் தோட்டா நிறுவனம் சினாக்சிட் என்ற, குளோரேட் இல்லாத கேப் மருந்தைக் கொண்டு வந்தது. அதற்கு முன் செய்த துப்பாக்கிகளில் குழி விழாத துளை கிடைத்தால் அதைச் சொந்தமாக வைத்திருந்தவர் மிகவும் அக்கறையானவர் என்று நம்பலாம். குழல் குட்டையாகவும் தனியாகவும் இருப்பதால், மிகவும் கெட்டுப்போனதைக் கழற்றி வேறு பொருத்தவும் முடியும். பழையதைத் தூக்கிப் போடாமல் கூடவே வைத்திருக்க வேண்டும்.

குண்டின் அளவு தனிக் கதை. இந்தக் குண்டுகள் மில்லிமீட்டரில் மிகச் சிறு பங்கு வித்தியாசத்தில், எண் போட்டு விற்கப்பட்டன. துளைக்குச் சற்றே பெரிய குண்டு உள்ளே நெருக்கப்பட்டு, துளைச் சுவரில் திருகுபோல் ஓடும் வரிப்பள்ளங்களைப் பிடித்துச் சுழலும். சிறியதைப் போட்டால் வாயு பக்கவாட்டில் கசியும், குறி சிதறும். எந்த எண் என்று குழலில் எழுதாமல் போயிருந்தால், மென்மையான ஈய உருண்டை ஒன்றை எண்ணெய் தடவி மெதுவாகத் துளை வழியே தள்ளி, அதில் பதிந்த வரிகளை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். இவ்வளவு நுட்பம் ஏன் என்றால், அதே 150 மீட்டர் வேகத்தில் 15 மீட்டரைக் கடக்கப் பத்தில் ஒரு வினாடி ஆகும்; அதற்குள் குண்டு கிட்டத்தட்ட 5 செ.மீ. தாழ்ந்துவிடும். ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் கிளம்பினால்தான் அந்தத் தாழ்வும் ஒன்றாக இருக்கும்.

காலத்தைக் கணிக்க, கட்டையிலிருந்து குழலைக் கழற்றி அடிப்பக்கம் பார்க்க வேண்டும். துப்பாக்கிக் குழல்களைச் சோதித்து முத்திரை குத்தச் சொல்லும் ஜெர்மன் சோதனைச் சட்டம் 1891-ல் இயற்றப்பட்டு 1893-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஒவ்வொரு குழலிலும் கிரீடமும் அதன்கீழ் எழுத்தும் பொறிக்கப்பட்டன. கிரீடத்தின்கீழ் 'ஜி' இருந்தால் வரிப்பள்ளமுள்ள குழல் என்று பொருள். 1940 முதல் கிரீடத்தின் இடத்தைக் கழுகு பிடித்தது. ஊர்ப் பெயரும் உதவும்: ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் செல்லா சங்க்ட் பிளாசியும் மேலிசும் 1919-ல் இணைந்து செல்லா-மேலிஸ் ஆயின. தனிப் பெயர் பொறித்திருந்தால் அதற்கு முந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஏராளமானவை அழிந்தன, பல அமெரிக்க வீரர்களின் பைகளில் கடல் தாண்டின. தடை தளர்ந்தபோது முதலில் வந்தது காற்றுத் துப்பாக்கி. அதற்குக் கேப்பும் வேண்டாம், துருவும் இல்லை. 1984-ல் ஒலிம்பிக்கில் சேர்ந்து, 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் போட்டி அந்தப் புதிய வழியில் வளர்ந்ததுதான். ஆனாலும் 15 மீட்டர் சிம்மர்ஸ்டுட்சன் போட்டியை ஜெர்மன் கூட்டமைப்பு கைவிடவில்லை.

எனக்கு வருத்தம் தருவது, அன்னிய நாடுகளுக்குப் போன துப்பாக்கிகளில் சிலர் செய்த மாற்றங்கள். 4 மி.மீ. தோட்டா கிடைக்கவில்லை என்று நுனிக் குழலையும் நீளக் கம்பியையும் பிடுங்கி எறிந்துவிட்டு, உறை முழுவதும் புதுக் குழலைச் செருகிச் சாதாரண .22 (0.22 அங்குல அளவு) துப்பாக்கியாக்கிவிடுவார்கள். வெளியே செதுக்கிய மான்களும் ஓக் இலைகளும் அப்படியே இருக்கும். உள்ளே சிம்மர்ஸ்டுட்சன் இருக்காது. சேகரிக்க விரும்புபவர் சட்டப்படி தேவையான அனுமதியை முதலில் பெற்றுக்கொண்டு, வாங்கும் முன் நுனி ஜன்னல் திறக்கிறதா, கம்பி நேராக ஓடுகிறதா, திருகுகளின் பள்ளம் சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்கட்டும். வீட்டுக்கு வந்தபின் காலித் துளையில் சும்மா விசையை இழுத்துப் பார்க்க வேண்டாம். கம்பியின் முனை கேப் இல்லாத துளையின் விளிம்பில் மோதி அதை நசுக்கும். நசுங்கிய இடத்தில் கேப்பும் உட்காராது.