அஞ்சலி ஓடும்போது டிவியை அணைத்தவர்

பெரிய மனிதர் யாராவது இறந்த வாரத்தில், என் ஆலோசனை அறைக்கு வருகிறவர்களில் ஒருவராவது குற்ற உணர்வோடு உட்கார்ந்திருப்பார். "ஊரே அழுகிறது, எனக்கு மட்டும் எரிச்சலாக வருகிறது மேடம்." அப்படிச் சொன்ன ஒரு பெண்ணுக்கு அந்தப் பிரபலம் எந்தக் கெடுதலும் செய்ததில்லை. டிவியில் அஞ்சலி ஓடியபோது, சின்ன வயதில் தன்னிடம் தவறாக நடந்துகொண்ட உறவினரின் பதினாறாம் நாள் காரியம் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாம் "தங்கமான மனுஷன்" என்றார்களாம். இவர்தான் எல்லோருக்கும் காபி கொடுத்தாராம்.

அப்போது எனக்கு ஜிம்மி சாவில் நினைவுக்கு வந்தார். பிரிட்டனில் பிபிசியின் பிரபல தொகுப்பாளர், மருத்துவமனைகளுக்கு நிதி திரட்டியவர், சர் பட்டம் பெற்றவர். 2009இல் பாலியல் புகார்கள் குறித்துப் போலீஸ் அவரை விசாரித்தது; வழக்கு எதுவும் வரவில்லை. 2011 அக்டோபரில் 84 வயதில் இறந்தார். லீட்ஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றில் பொன்னிறச் சவப்பெட்டியை வைக்க, ஆயிரக்கணக்கானோர் வரிசையில் வந்தார்கள். அவர்மீதான புகார்களைப் பற்றி பிபிசியின் செய்திக் குழு ஒன்று தயாரித்துக்கொண்டிருந்த நிகழ்ச்சி கைவிடப்பட்டது. கிறிஸ்துமஸுக்கு அவருக்கான அஞ்சலி நிகழ்ச்சி ஒளிபரப்பானது. மறு ஆண்டு அக்டோபரில் ஐடிவி என்ற இன்னொரு பிரிட்டிஷ் சேனலின் ஆவணப்படம் உண்மையை வெளியே கொண்டுவந்தது. 2013 ஜனவரியில் வந்த போலீஸ் அறிக்கையின்படி, புகார் சொன்னவர்கள் சுமார் 450 பேர். அந்தச் சவப்பெட்டியை இவர்களில் எத்தனை பேர் டிவியில் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏன் இப்படிப் புகழ்கிறோம்? நாம் அழுவது பெரும்பாலும் அந்த ஆளுக்காக இல்லை. அவர் குரலைக் கேட்டு வளர்ந்த நம் சனிக்கிழமை சாயங்காலங்களுக்காக. அவரைக் குறை சொன்னால் அந்த நினைவிலும் கறை படிந்துவிடுமே என்று பயம். அப்புறம், இறந்தவர் இனி புதிதாக எந்தத் தப்பும் செய்யப்போவதில்லை என்பதால் பழசை மன்னிப்பதும் சுலபம். குடித்துவிட்டு அடித்த புருஷனும் ஒப்பாரியில் "என் ராசா"தான். அது துக்கத்தின் மொழி. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிறுவனங்கள் நடத்தும் அஞ்சலி வேறு. புகார் வந்தபோது கண்டுகொள்ளாதவர்களுக்கு அந்தப் புகழுரை வசதியான திரை. நிதி திரட்டியது நிஜம்தான், மறுக்கவில்லை. அதைச் சொல்லும் அதே வாயால் புகாரையும் சொல்லலாமே.

உங்கள் வீட்டில் ஒருவர் அஞ்சலி நேரத்தில் எழுந்து போனால், "செத்தவரைப் பற்றி அப்படிப் பேசாதே" என்று உடனே அடக்காதீர்கள். ஏன் என்றுகூட அப்போதே கேட்க வேண்டாம். பக்கத்தில் இருங்கள், போதும். பேசத் தோன்றும்போது அவரே பேசட்டும்.

அந்தப் பெண் அன்று டிவியை அணைத்திருக்கிறார். "செத்தவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்று அம்மா கத்தியிருக்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுதான் அவர் என்னிடம் கேட்க வந்திருந்தார். இரண்டு மாதம் கழித்து அம்மாவையும் அழைத்து வந்தார்.