கலாச்சார விழிப்புணர்வா, பாடறிதலா?

ஐ.நா. அமைதிப் பணிக்குப் படையினரையும் காவலர்களையும் அனுப்பும் நாடு, அவர்கள் புறப்படும் முன்பே பயிற்சி தந்தாக வேண்டும். அடிப்படைப் பாடங்களை ஐ.நா. வகுத்துத் தருகிறது. இந்தியாவில் இதற்கென்றே 2000ஆம் ஆண்டு முதல் புது தில்லியில் ஒரு மையம் இருக்கிறது. அந்தப் பாடங்களில் ஒன்றுதான் ‘கல்ச்சுரல் அவேர்னஸ்’. தமிழில் அதைக் ‘கலாச்சார விழிப்புணர்வு’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

‘கல்ச்சர்’ லத்தீனிலிருந்து வந்தது. வேர்ப்பொருள், நிலத்தை உழுது பேணுதல். நாமும் நிலத்தைப் பண்படுத்துகிறோம், அதனால் ‘பண்பாடு’ நன்றாகவே பொருந்துகிறது. சிக்கல் ‘விழிப்புணர்வு’தான். டெங்கு விழிப்புணர்வு, தலைக்கவச விழிப்புணர்வு என்று, வரப்போகும் ஆபத்தைச் சொல்லி எச்சரிக்கவே அது பழகிப்போயிற்று. ஓர் ஊர் மக்களின் வாழ்க்கைமுறை ஆபத்தா என்ன?

தெற்கு சூடானையே பாருங்கள். 2011 முதல் அங்கே ஐ.நா. படை இருக்கிறது, இந்தியர்களும் இருக்கிறார்கள். டிங்கா, நூவெர் மக்களிடம் பெண்ணுக்குப் பரிசமாகப் போவது மாடு. கொலைக்கு ஈடாகக் கொடுப்பதும் மாடுதான். மந்தை பறிபோனால் அந்த வீட்டுப் பையனின் கல்யாணமே நின்றுபோகும், பழிக்குப் பழி என்று ஊரே கிளம்பும். இது தெரியாத அதிகாரி அதை வெறும் திருட்டு வழக்காக எழுதிக்கொண்டு போவார். புறத்திணையை ஆநிரை கவர்தலில் தொடங்கிய, மாடு என்றாலே செல்வம் என்று சொன்ன மொழிக்காரர்கள் நாம். நமக்கு இது சட்டென்று பிடிபட வேண்டும்.

தெரியாமல் போவதன் விலையும் பெரிது. 1993இல் சோமாலியாவில் கனடா ராணுவத்தின் வான்குடைப் படைப்பிரிவினர் தங்கள் முகாமில் பிடிபட்ட ஒரு சிறுவனை அடித்தே கொன்றார்கள். அந்தப் பிரிவே 1995இல் கலைக்கப்பட்டது. அறியாமை மட்டும் அந்தக் கொடுமைக்குக் காரணமில்லை. ஆனாலும், சோமாலிய மக்களைப் பற்றிப் போதிய பயிற்சி தராமல் அனுப்பியதையும் விசாரணை ஆணையம் குறையாகச் சொன்னது.

சரி, வேறென்ன சொல்லலாம்? ‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்’ என்கிறது கலித்தொகை. உலகத்தார் நடைமுறையை அறிந்து அதன்படி நடப்பதே பண்பு. ‘அவேர்னஸ்’ என்ற ஆங்கிலச் சொல் அறிவதோடு நின்றுவிடுகிறது. பயிற்சியில் சொல்லித்தருவதோ நடத்தை: பெரியவரை எப்படி வணங்குவது, பெண்களை யார் சோதனையிடுவது, வழிபாட்டிடத்தில் எங்கே நிற்பது, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு யார் முகம் பார்த்துப் பேசுவது. ஆகவே ‘பாடறிதல் பயிற்சி’ என்பேன். பொது வாசகருக்குப் ‘பண்பாட்டறிதல் பயிற்சி’ இன்னும் எளிது. புறப்படும் முன் நடப்பது என்பதையும் சேர்க்க வேண்டுமானால் ‘களம்புகுமுன்’ என்று முன்னொட்டு போடலாம்.

அப்புறம், ‘பீஸ்கீப்பர்’. இதை ‘அமைதிப்படை’ என்று எழுதாமலிருப்பதே நல்லது. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்தியப் படையின் பெயராகவே ஈழத்தமிழர் அதை வலியோடு நினைவில் வைத்திருக்கிறார்கள், அது ஐ.நா. படையும் அல்ல. ஐ.நா. பணியாளர்களுக்கு ‘அமைதிகாப்போர்’ என்பதே பொருந்தும்.