சூட்கேசுக்குள் காட்டு இறைச்சி: சைட்டீஸ் விதி எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை

2008 ஜூன் மாதம், பாரிஸ் சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்திறங்கிய 134 பயணிகளின் பெட்டிகளை ஆய்வாளர்கள் திறந்து பார்த்தார்கள். ஒன்பது பேரிடம் காட்டு விலங்கு இறைச்சி இருந்தது. அவர்களில் ஒருவர் கொண்டுவந்தது 51 கிலோ. அதைத் தவிர வேறு சாமானே அவரிடம் இல்லை. இதை வைத்துக் கணக்குப் போட்டதில், வாரத்துக்குச் சுமார் 5 டன் அந்த வழியாக வந்துகொண்டிருக்கலாம் என்று தெரிந்தது.

அப்படி ஒரு பெட்டி சிக்கினால் இரண்டு தனித்தனிக் கேள்விகள் எழுகின்றன. இது எந்த விலங்கு, அதன் இனம் இந்த வியாபாரத்தைத் தாங்குமா? இது ஒரு கேள்வி. இதில் நோய் ஏதாவது வருமா என்பது மற்றது. முதல் கேள்விக்கான உலக விதிதான் சைட்டீஸ். இரண்டாவது கேள்வியை அது கேட்பதே இல்லை. இந்த வித்தியாசம் பலருக்கும் தெரிவதில்லை.

சைட்டீஸ் என்பது அழியும் ஆபத்தில் உள்ள காட்டு விலங்கு, தாவரங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் உறுப்பினர்கள். சுமார் 40,000 இனங்கள் இதன் மூன்று பட்டியல்களில் இருக்கின்றன. அதில் பெரும்பகுதி தாவரங்கள்.

முதல் பட்டியலில் இருந்தால் வியாபாரம் கிடையாது, அவ்வளவுதான். கொரில்லா, சிம்பன்சி இதில் அடக்கம். அழுங்கு என்றும் சொல்லப்படும் எறும்புதின்னியின் எட்டு இனங்களும் 2016இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் இங்கே மாற்றப்பட்டன. இரண்டாம் பட்டியலில் வியாபாரம் உண்டு, ஆனால் ஏற்றுமதி பெர்மிட் வேண்டும். அந்த பெர்மிட் சும்மா கிடைக்காது. இவ்வளவு எடுத்தாலும் காட்டில் அந்த இனம் குறைந்துவிடாது என்று அந்த நாட்டின் அறிவியல் அமைப்பு சொல்ல வேண்டும். நீல டைக்கர் என்ற முயலளவு மான் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. மூன்றாம் பட்டியல், ஏதாவது ஒரு நாடு தன் விலங்கைக் காப்பாற்ற மற்ற நாடுகளின் உதவி கேட்டுச் சேர்ப்பது.

“விற்க இல்லை, வீட்டில் சாப்பிடத்தான்” என்றால்? தனிப்பட்ட பொருள்களுக்கு ஒப்பந்தத்தில் ஒரு விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் வெளிநாட்டில் வாங்கிய முதல் பட்டியல் விலங்கை ஊருக்குக் கொண்டுவர அது உதவாது. இரண்டாம் பட்டியலிலும், அந்த விலங்கு காட்டில் பிடிபட்ட நாடு பெர்மிட் கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும். இதைவிடக் கடுமையான சட்டம் போட ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை இருக்கிறது. பல நாடுகள் போட்டிருக்கின்றன.

சரி, இப்போது ஓட்டைக்கு வருவோம். சைட்டீஸ் எல்லையைத் தாண்டும்போது மட்டுமே வேலை செய்யும். காட்டில் வேட்டையாடி, அதே நாட்டின் நகரத்துச் சந்தையில் விற்றால் அதற்குச் சம்பந்தமில்லை. அது உள்நாட்டு வேட்டைச் சட்டத்தின் பாடு. பட்டியலில் இல்லாத விலங்கும் அதன் கண்ணில் படாது. மேற்கு ஆப்பிரிக்காவில் நிறையச் சாப்பிடப்படும் கரும்பு எலி எந்தப் பட்டியலிலும் இல்லை. அதில் நியாயமும் உண்டு: அது வேகமாகப் பெருகும். கொரில்லா நாலைந்து வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். ஆனால் மானுக்கு வைத்த கம்பிக் கண்ணிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. காலை வைத்தது எதுவோ அது மாட்டும். வேட்டையாலேயே ஆபத்தில் இருக்கும் தரை வாழ் பாலூட்டி இனங்கள் 301 என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு எண்ணிச் சொன்னது.

நோய் விஷயத்தில் பட்டியல் எந்த உதவியும் செய்யாது. 1996இல் காபோன் நாட்டில், காட்டில் செத்துக் கிடந்த சிம்பன்சியைத் தூக்கிவந்து அறுத்தவர்களுக்கு எபோலா வந்தது. அந்தப் பரவலில் 21 பேர் இறந்தார்கள். நன்றாக வேகவைத்த கறியைவிட, தோலை உரித்து வெட்டும்போது கையில் படும் ரத்தம்தான் பெரிய ஆபத்து. அதனால் முதலில் மாட்டுவது பெரும்பாலும் வேட்டைக்காரரும் வெட்டிக் கொடுப்பவரும்தான், வாங்கிச் சாப்பிடுபவர் அல்ல. எச்.ஐ.வி.யின் முக்கிய வகையும் சிம்பன்சியிடமிருந்து மனிதனுக்கு வந்ததே. வேட்டை வழியாக வந்திருக்கலாம் என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

இதற்கான விதிகள் வேறு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம், வெளியிலிருந்து வரும் பயணி பெட்டியில் இறைச்சி கொண்டுவருவதையே பொதுவாகத் தடுக்கிறது. அது கோழியா குரங்கா என்ற பேச்சே இல்லை. ஆக, கையில் சைட்டீஸ் பெர்மிட் இருந்தாலும் சுகாதார விதியில் பறிமுதல் ஆகலாம். சீனா 2020 பிப்ரவரியில் தரை வாழ் காட்டு விலங்குகளை உண்பதைத் தடை செய்தது. மருந்துக்கும் ரோமத்துக்கும் ஆன வியாபாரத்தை அந்தத் தடை தொடவில்லை. 2021 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் இரண்டு பன்னாட்டு அமைப்புகளோடு சேர்ந்து, காட்டில் பிடித்த பாலூட்டிகளை உணவுச் சந்தைகளில் உயிரோடு விற்பதை நிறுத்தச் சொன்னது. அது பரிந்துரைதான், சட்டம் இல்லை.

இரண்டு கேள்வியையும் ஒரே வரியில் சேர்த்தது 2022 டிசம்பரில் மான்ட்ரியாலில் ஏற்கப்பட்ட பல்லுயிர் ஒப்பந்தத்தின் ஐந்தாவது இலக்கு. காட்டுயிர்களை எடுப்பதும் விற்பதும் 2030க்குள் தாங்கக்கூடியதாக, பாதுகாப்பானதாக, சட்டப்படியானதாக இருக்க வேண்டும். நோய் தாவும் ஆபத்து குறைய வேண்டும் என்கிறது. கூடவே, பழங்குடி மக்களின் வழக்கமான, அளவான பயன்பாட்டை மதிக்கவும் சொல்கிறது. எனக்கு இந்தக் கடைசிப் பகுதி முக்கியமாகப் படுகிறது. வேறு புரதமே எட்டாத காட்டுக் கிராமத்தில் ஒருவர் பிடிக்கும் கரும்பு எலியையும், விமானத்தில் வரும் 51 கிலோ பெட்டியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இந்த இலக்கை மீறினால் தண்டனை என்று எதுவும் அதில் இல்லை. ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் அதை எழுதிக்கொண்டால்தான் அதற்குப் பல் முளைக்கும்.